எந்த இரவில் உட்காருவது?

என் தமக்கை மகள் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். சென்ற சித்திரையில் திருவண்ணாமலைக்கு வந்திருந்தபோது, "மாமா, எனக்குக் கூத்துப் பார்க்கணும். எந்த ராத்திரியிலேருந்து ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டாள்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 'டாக்டர் ஹூ' என்று ஓர் ஆங்கில விஞ்ஞானத் தொடர் இருக்கிறது. 1963-ல் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஆரம்பித்து, 1989-ல் நின்று, 2005-ல் மறுபடியும் தொடங்கியது. கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்து வரிசையாகப் பார்த்து வருவதென்றால் ஆயுசு போதாது. "2005-லிருந்து பார், புரியும்" என்று சிநேகிதிகள் சொல்ல, அவளும் அப்படியே பார்த்து, அதில் விழுந்துவிட்டாள். பாரதக் கூத்துக்கும் அப்படி ஒரு வாசல் இருக்க வேண்டுமல்லவா என்பது அவள் எண்ணம்.

இந்தக் கேள்விக்கு நான் முன்பு ஒருமுறை தப்பான பதில் சொல்லியிருக்கிறேன். அதனால் இந்தத் தடவை யோசித்துத்தான் வாயைத் திறந்தேன்.

கூத்தை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். எங்கள் ஜில்லாவில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில், கோடை பிறந்தால் பாரதம் வைப்பார்கள். பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாரதத்தை வைத்துக்கொண்டு கதை சொல்வார். அந்தக் கதையே இரவு பத்து மணிக்கு மேல் கூத்தாக இறங்கும், விடியும்போதுதான் முடியும். பத்து இரவு நடத்துகிற ஊரும் உண்டு, பதினெட்டு இரவு நடத்துகிற ஊரும் உண்டு. வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, விராட பர்வம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று கதை நடக்கும். கடைசி நாள் காலையில் படுகளம், மாலையில் தீமிதி.

சில வருஷங்களுக்கு முன் என் மைத்துனன் இதே ஆசையோடு வந்தான். நான் கதை எழுதுகிறவன். கதை என்றால் முதல் அத்தியாயத்தில்தானே ஆரம்பிக்க வேண்டும் என்று, போளூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு அவனை முதல் இரவே அழைத்துப் போனேன். மத்தளமும் முகவீணையும் முழங்கின. கடவுள் வாழ்த்து முடிந்தது. கட்டியங்காரன் வந்து வேடிக்கை பேசினான், பேசினான், பேசிக்கொண்டேயிருந்தான். யாரும் வில்லைத் தொடுவதற்குள் மைத்துனன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். மறுநாள் பஸ் ஏறும்போது, "ரொம்பப் பழமையான கலை, அத்திம்பேர்" என்றான். அதற்குப் பிறகு அவன் கூத்து என்ற சொல்லையே எடுத்ததில்லை. ஒரு நல்ல ரசிகனை வீணாக்கிவிட்டேன் என்ற குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

விஷயம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் கர்ண மோட்சத்தைச் சிபாரிசு செய்வார்கள். அதற்கு நியாயம் இருக்கிறது. கூத்திலேயே தனியாக எடுத்து அதிகம் ஆடப்படுவது அதுதான். திருவிழாவே இல்லாத ஊரிலும், யாராவது இறந்துபோனால் காரியத்தன்று கர்ண மோட்சம் வைக்கிற வழக்கம் இந்தப் பக்கத்தில் உண்டு. போருக்குப் போகுமுன் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிற கட்டம் ஒன்று போதும். உலகமெல்லாம் வள்ளல் என்று கொண்டாடுகிறவனை, பிறப்புத் தெரியாதவன் என்று கட்டின மனைவி இகழ்கிறாள். ஒரு நாவலாசிரியனுக்குப் பொறாமை தரக்கூடிய இடம் அது.

ஆனால் நாடகத்தின் சிறப்பு வேறு, வாசலின் வசதி வேறு. நகரத்திலிருந்து வருகிறவர்கள் 1964-ல் வந்த 'கர்ணன்' படத்தை மனத்தில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மேடையில் நடப்பதைப் படத்தோடு ஒப்பிட்டு மார்க் போடுவதில் அவர்கள் பொழுது போய்விடுகிறது. அதோடு, கர்ண மோட்சம் ஒரு முடிவு. அழுதுவிட்டு, மனம் நிறைந்து, வீட்டுக்குப் போய்விடலாம். நாளை என்ன நடக்குமோ என்ற அரிப்பை அது உண்டாக்காது. தொடர்கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்த அரிப்பின் அருமை தெரியும்.

ஆகையால் மருமகளிடம், "பகடை துகிலிலிருந்து ஆரம்பி" என்றேன்.

"அதுக்கு முன்னாலே நடந்ததெல்லாம்?"

"அதைக் கூத்தே சொல்லிவிடும்."

இது சமாதானத்துக்குச் சொன்னதல்ல. பத்திரிகைத் தொடரில் 'முன் கதைச் சுருக்கம்' போடுகிறோமே, அந்த ஏற்பாட்டைக் கூத்துக்காரர்கள் எங்களைவிட நயமாகச் செய்து வைத்திருக்கிறார்கள். மத்தியானப் பிரசங்கம் ஒரு சுருக்கம். இரவில் ஒவ்வொரு வேஷமும் திரைக்குப் பின்னால் நின்று, தன்னையே மூன்றாம் மனிதனைப்போல் வருணித்துப் பாடிக்கொண்டு வருகிறது. திரை விலகியதும் கட்டியங்காரன், ஒன்றுமே அறியாதவனாக, "நீங்கள் யார், எந்த ஊர்?" என்று விசாரிக்கிறான். புதிதாக வந்தவன் கேட்க நினைத்துக் கூச்சப்படுகிற கேள்வியெல்லாம் அவன் கேட்டுவிடுகிறான். விஞ்ஞானத் தொடரில் டாக்டராக நடிப்பவர் மாறிக்கொண்டேயிருப்பார். 1966-லேயே முதல் நடிகர் போய் இரண்டாமவர் வந்தார். உடம்பு மாறிவிட்டது என்று கதைக்குள்ளேயே அதற்குக் காரணம் வைத்தார்கள். கூத்தில் இன்று ஒருவர் கட்டுகிற திரௌபதியை நாளை வேறொருவர் கட்டுவார். காரணம் சொல்வாரும் இல்லை, கேட்பாரும் இல்லை.

துகில் இரவைச் சொன்னதற்கு முக்கியக் காரணம் இன்னொன்று. அதற்கு முந்திய இரவுகளெல்லாம் அந்தச் சபையை நோக்கி நடக்கின்றன. பிந்திய இரவுகளெல்லாம் அந்தச் சபைக்குக் கணக்குத் தீர்க்கின்றன. அவிழ்ந்த கூந்தலைத் துரியோதனன் தொடை இரத்தம் பூசித்தான் முடிப்பேன் என்று திரௌபதி சபதம் செய்கிறாளே, பாரதம் முழுவதும் அந்த ஒரு முடிச்சில் தொங்குகிறது. அதைப் பார்த்தவர்கள் படுகளம் பார்க்காமல் இருக்க முடியாது.

அழைத்துப் போனேன். குறைகளும் இருந்தன, மறைக்க வேண்டியதில்லை. ஒலிபெருக்கியின் இரைச்சலில் முகவீணை மூழ்கிப்போயிற்று. கட்டியங்காரன் சினிமா வசனம் பேசிக் கைதட்டல் வாங்கினான். மருமகள் நடுநடுவே செல்போனை எடுத்து மணி பார்த்தாள். பழைய பயம் எனக்கு வந்துவிட்டது.

மூன்று மணிக்கு மேல் துச்சாதனன் திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்தான். அவள் ஒவ்வொரு பெரியவராகப் பார்த்து நியாயம் கேட்டாள். பெண் வேஷம் கட்டிய ஆண் என்பது மறந்தே போயிற்று. புடவையில் கை வைப்பதற்கு முன் துச்சாதனன் நின்றான். ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றச் சொல்லி, "தாயே, வேஷத்துக்காகச் செய்கிறேன், மன்னித்துக்கொள்" என்று கும்பிட்டான். கூட்டத்தில் இரண்டு பெண்களுக்கு அருள் வந்தது.

மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் மாமா ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டேங்கறாங்க?" என்றாள். அவள் கேட்டது மேடையில் உட்கார்ந்திருந்த பீஷ்மரையும் துரோணரையுமா, கீழே உட்கார்ந்திருந்த எங்களையுமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பதில் சொல்லவில்லை.

பக்கத்தில் இருந்த கிழவி ஒருத்தியிடம், "நீங்க முதல்ல பார்த்தது எந்தக் கூத்து, பாட்டி?" என்று அவள் பிற்பாடு விசாரித்தாள். "யாரு கண்டா? எங்க ஆத்தா மடியிலே தூங்கிக்கினு இருந்தேன்" என்றாள் கிழவி. ஊர்க்காரர்களுக்கு ஆரம்பம் என்று ஒன்று கிடையாது. வெளியிலிருந்து வருகிற நமக்குத்தான் வாசல் தேவைப்படுகிறது.

1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி, செய்யாற்றுப் பக்கத்துப் புரிசை கண்ணப்ப தம்பிரானின் கூத்தைப் பார்த்து, இதுவே நம்முடைய நாடகம் என்று எழுதியும் பேசியும் வந்தார். அவருடைய முயற்சியால் நகரத்து ரசிகர்கள் கூத்தின் பக்கம் திரும்பினார்கள். அது பெரிய காரியம். ஆனால் நகர மேடைக்காக இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கிய கூத்தையே கூத்து என்று எண்ணித் திருப்தியடைகிறவர்களும் கூடவே பெருகிவிட்டார்கள். அங்கே துகில் உண்டு, சபதமும் உண்டு. சபதத்துக்கும் கூந்தல் முடிப்பதற்கும் நடுவே காத்திருக்கிற இரவுகள் இல்லை. அந்தக் காத்திருப்பைக் கழித்துவிட்டால் சபதத்துக்கு என்ன கனம் இருக்கும்?

துகிலுக்கு மறுநாள் மருமகள் சென்னைக்குப் போய்விட்டாள். கூத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இந்தத் தடவையும் தவறிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். படுகளத்தன்று விடியற்காலம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. இரவு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தாள்.

களத்தில் களிமண்ணால் செய்த துரியோதனன் பூதாகாரமாய்ப் படுத்திருந்தான். பீமன் தொடையில் அடித்தான். திரௌபதி அந்தச் சிவப்பைத் தொட்டுக் கூந்தலில் தடவி முடிந்தாள். மருமகள் வெயிலில் வெறுங்காலோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது, "அடுத்த வருஷம் முதல் ராத்திரிக்கே வந்துடறேன், மாமா. வில் வளைப்பைப் பார்க்கணும்" என்றாள்.