நோணாங்குப்பமும் ஒரு நாட்குறிப்பும்

சரித்திரப் பெருமையுள்ள ஊர்களைப் பார்க்கப் போகிறவர்கள், தாம் முன்பே படித்து வைத்திருக்கும் கதையைத்தான் பெரும்பாலும் அங்கே பார்த்துவிட்டு வருகிறார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மாமல்லபுரத்துக் கடற்கரையில் நிற்கிற தமிழ் வாசகனுக்குக் கல்கியின் சிவகாமி நினைவுக்கு வராமல் இருப்பாளா? ஆனால் சில இடங்களில், நாம் படித்த கதையே அங்கே வாழ்ந்த மனிதர்களை மறைத்துக்கொண்டு நிற்கும். புதுச்சேரிக்குத் தெற்கே கடலூர்ச் சாலையில் இருக்கும் நோணாங்குப்பம் அப்படிப்பட்ட இடம்.

செஞ்சியாறு கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது அரியாங்குப்பத்தாறு. தெற்கே நோணாங்குப்பத்தை ஒட்டிப் போவது சுண்ணாம்பாறு. நோணாங்குப்பத்தில் இப்போது உல்லாசப் படகுத் துறை இருக்கிறது. சீட்டு வாங்கிக்கொண்டு ஏறினால் கழிமுகத்து மணல் திட்டில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். விடுமுறை நாட்களில் குழந்தை குட்டிகளோடு நல்ல கூட்டம்.

வடக்குக் கிளையின் கரையில் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டி, ரோமாபுரியின் மதுச்சாடி ஓடுகளையும் இத்தாலி தேசத்து மெருகிட்ட மட்பாண்டத் துண்டுகளையும் எடுத்து உலகுக்குக் காட்டினார். இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே யவனர்கள் நம் வாசலுக்கு வந்தார்கள் என்பதில் நமக்குப் பெருமை. அதற்கப்புறம் சரித்திரம் ஒரே தாவாகத் தாவி, டூப்ளேயின் கோட்டை கொத்தளத்திலும் மாளிகையிலும் போய் நிற்கிறது. இரண்டும் அழகான கதைகள்தாம். ஆனால் இந்தக் கடலோரத்துக்கு வேறொரு கணக்கும் உண்டு. அது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கிறது.

பிள்ளை 1709-ல் பிறந்து 1761-ல் காலமானவர். டூப்ளேயின் துபாஷி. 1736-ல் தொடங்கி ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம், கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்தார். இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. வாசகர்கள் தமிழ் மூலத்தைத்தான் படிக்கவேண்டும். பாரசீகச் சொல்லும் போர்த்துகீசியச் சொல்லும் பிரெஞ்சுச் சொல்லும் வந்து கலந்த பேச்சுத் தமிழ் அது. கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யாருக்கு எத்தனை பீரங்கி போட்டார்கள், சகுனம் எப்படி, ஜாதகம் எப்படி என்று எல்லாம் ஒன்றோடொன்று இழைந்து வருகின்றன. அவருடைய தற்பெருமையும், எதிரிகள் பேரில் உள்ள காழ்ப்பும், டூப்ளேயின் மனைவி பேரில் உள்ள மனக்கசப்பும் ஒளிவு மறைவில்லாமல் தெரிகின்றன. பிற்காலத்து ரசிகனைத் திருப்தி செய்வதற்காக எழுதியதல்ல. அதனாலேயே, கற்பனைக் கதையில் கிடைக்காத ஒரு நம்பிக்கை நமக்கு அவரிடம் பிறக்கிறது.

அந்த நாட்குறிப்பின் இரண்டு இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுவேன்.

முதலாவது 1748-ஆம் வருஷம். கடலூர்ப் பக்கமிருந்து போஸ்கவனின் ஆங்கிலேயப் படை வருகிறது. ஆகஸ்டில் அரியாங்குப்பத்துக் கோட்டை விழுகிறது. செப்டம்பரில், முற்றுகைக்கு நடுவே, பிரெஞ்சுக்காரர்கள் வேதபுரீசுவரர் கோவிலை இடிக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசுகிறார்கள், அலைகிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளையின் துக்கத்தையும், துக்கத்தோடு கூடவே வருகிற ஜாக்கிரதையையும் அந்தப் பக்கங்களில் காணலாம். படிக்கிறவனுக்கு ரத்தம் கொதிக்கும். கொதிக்க வேண்டியதுதான்.

இரண்டாவது 1743-ஆம் வருஷம். அடிமை வியாபாரத்துக்காக ஆள் பிடித்த சங்கதி. ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவந்த ஜனங்களை மறைத்து வைத்திருந்து கப்பலேற்றியிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களின் மஸ்கரேன் தீவுகளுக்கு அப்போது வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியில் கப்பல் கரைக்கு வர இயலாது. சரக்கானாலும் மனிதரானாலும் அலை தாண்டிச் சலங்கில்தான் போகவேண்டும். இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது நமக்கு என்ன ஆகிறது? 'அடடா' என்கிறோம், அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம்.

ஏன் இப்படி? கோவிலை இடித்தவன் அந்நியன். அங்கே நாம் பாதிக்கப்பட்டவர்கள். ஆள் பிடித்த கதையிலோ வாங்கியவன் அந்நியன், பிடித்துக் கொடுத்த கைகளில் நம்மவர் கையும் இருக்கிறது. முன்னதில் நாம் எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டியதே இல்லை, பின்னதில் யோசிக்கவேண்டும். யோசிக்கப் பிடிக்காத இடத்தை மனசு வேகமாகக் கடந்துவிடுகிறது. 1745-ல் மாதாகோவிலுக்குள்ளேயே சாதிக்காக எழுப்பியிருந்த சுவரைப் பற்றிய சச்சரவையும் பிள்ளை எழுதியிருக்கிறார். அதையும் இப்படியேதான் கடந்துவிடுகிறோம்.

கடத்தல் கதை அந்த வருஷத்தோடு முடியவில்லை. 1848-ல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. அதன் பிறகு ஒப்பந்தக் கூலி என்ற பெயரில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல்கள் போயின. 1853-ல் மார்த்தினிக்குக்கும் அடுத்த வருஷம் குவாதலூப்புக்கும் 'ஒரேலி' என்ற கப்பல் தமிழர்களைக் கொண்டுபோய் இறக்கியது. இன்று அந்தத் தீவுகளில் முத்துசாமி என்ற பெயர் பிரெஞ்சு எழுத்துக் கூட்டலோடு குடும்பப் பெயராக வழங்குகிறது. பெயர் மிஞ்சியிருக்கிறது, பேச்சு போய்விட்டது.

நம் சரித்திர நாவல்கள் வெகு காலம் அரண்மனையிலேயே குடியிருந்தன. பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு 'மானுடம் வெல்லு'மும் 'வானம் வசப்படு'மும் எழுதிய பிரபஞ்சன், அவற்றைத் தெருவுக்கு அழைத்துவந்தார். பின்னதற்கு 1995-ல் சாகித்ய அக்காதெமிப் பரிசும் கிடைத்தது. அது பெரிய காரியம். ஆனாலும் மூலமாக நிற்பது ஒரு துபாஷியின் ஏடு. கவர்னரின் பக்கத்தில் நின்றவன் கண்டது நமக்குத் தெரிகிறது. சலங்கில் உட்கார்த்தி வைக்கப்பட்டவன், கரை பின்னால் போவதைப் பார்த்தானே, அவன் கண்டது அந்த ஏட்டில் இல்லை. அதைச் சொல்ல நாட்குறிப்பு போதாது; நாவலாசிரியன் வேண்டும்.

அவன் அழுகையை மட்டும் எழுதினாலும் காரியம் பாதிதான். இரக்கப்படுவது வாசகனுக்குச் சுலபம். இரக்கப்பட்டதுமே தான் நல்லவன் என்ற திருப்தியும் வந்துவிடும். அவனைச் சலங்கில் ஏற்றிவிட்டு வீடு திரும்பிக் கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்த தமிழனையும் எழுதவேண்டும். அவனைக் கொடுங்கோலனாக எழுதாமல், பெண்ணுக்கு வரன் பார்க்கிற, பண்டிகைக்குத் துணி எடுக்கிற சாதாரணக் குடும்பஸ்தனாக எழுதவேண்டும். அப்படி ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு நோணாங்குப்பத்துக்குப் போகிறவனுக்குச் சுண்ணாம்பாற்றின் அழகு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் இந்தக் கரையில் அந்நியன் நமக்குச் செய்தது எவ்வளவு, நாமே நமக்குச் செய்துகொண்டது எவ்வளவு என்று இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்ப்பான். பழம் பெருமை பேச நமக்கு உரிமை உண்டு. இந்த இரண்டாவது கணக்கையும் வாங்கிக்கொள்கிறவனுக்குத்தான் அந்த உரிமை முழுசாகச் சேரும் என்பது என் அபிப்பிராயம்.