ஆடிப்பிறப்பும் ஒரு சொல்லும்

நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைத் தெரியாத யாழ்ப்பாணத்தவர் இருக்க முடியாது. சென்ற ஆடியில் ஸ்காபரோ மண்டபமொன்றில் சிறுவர்கள் அதைப் பாடி முடித்ததும், மேடையேறிய ஒருவர் முதலடியில் வரும் ‘விடுதலை’யைப் பிடித்துக்கொண்டார். புலவர் தீர்க்கதரிசி, எமது இனத்தின் விடுதலையை அன்றே பாடிவிட்டார் என்றார். கைதட்டல் ஓயச் சற்று நேரம் பிடித்தது. நானும் தட்டினேன். திரும்பும்போது காரில் என் ஒன்பது வயது மகள் கேட்டாள்: “அப்பா, ஆர் ஜெயிலுக்குள்ள இருந்தது?”

அவளுக்குச் சொன்ன பதிலையே இங்கு எழுதுகிறேன்.

புலவர் (1878–1953) ஒரு வாத்தியார். அவர் காலத்து யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் பூட்டுகிற நாளுக்கு விடுதலை என்றுதான் பெயர். ‘லீவு’ பிற்பாடு வந்தது. நாளைக்குப் பள்ளிக்கூடமில்லை, கூழும் கொழுக்கட்டையும் உண்டு: பாட்டின் சந்தோஷம் இவ்வளவுதான். இதைச் சிறிய விஷயமென்று நினைப்பவர்கள்தான் அதற்குள் பெரிய அர்த்தம் தேடுகிறார்கள். ஆங்கிலேயரும் இப்படியே. ‘ரிங் எ ரிங் ஓ ரோசஸ்’ என்ற பிள்ளைப்பாட்டு பிளேக் நோயைப் பற்றியது என்ற கதை இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னர்தான் ஊரெல்லாம் பரவியது. அப்பாட்டுகளைத் தொகுத்தாராய்ந்த ஓப்பி தம்பதியர் அதை ஏற்கவில்லை. ஆனாலும் கதை சாகவில்லை.

பாட்டின் உண்மையான புதுமை வேறிடத்தில் இருக்கிறது. அதற்கு முன்பு எமது பிள்ளைகள் மனனம் செய்தவை ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும். செய், செய்யாதே என்ற கட்டளைகள். 1930களில் யாழ்ப்பாணத்துக் கல்வியாளரிடையே பிள்ளைகளுக்கென்றே பாட்டு வேண்டுமென்ற எண்ணம் வலுத்தது. 1935இல் ‘பிள்ளைப் பாட்டு’ என்ற தொகுப்பு வந்தது. புலவரின் ‘சிறுவர் செந்தமிழ்’ அவர் மறைந்தபின் 1955இல் நூலாயிற்று. ஆடிப்பிறப்பில் நீதியே இல்லை. பயறு வறுபடுகிறது, அரிசி இடிபடுகிறது, தேங்காய் துருவப்படுகிறது, மா கிள்ளித் தட்டப்படுகிறது. அம்மா கூழைத் துழாவுகிறாள். பிள்ளை வாயூறிக்கொண்டு பார்த்து நிற்கிறது. பிறகு ஓடிப்போய்ப் பலாவிலை பொறுக்கி, மடித்துக் கோலிக்கொண்டு வருகிறது. ஒரு சமையல் முழுவதையும் அடுப்படி வாசலில் நிற்கும் பிள்ளையின் உயரத்திலிருந்து கண்டு எழுதியிருக்கிறார். தான் செய்யவும் அதில் ஒரு வேலை இருப்பதுதான் பிள்ளைக்குப் பெருமை. பன்னிரண்டு வருடம் தமிழ் படிப்பித்தபோது இப்பாட்டை நான் ஒருநாளும் வகுப்புக்கு எடுத்துச் செல்லவில்லை. சிறுபிள்ளை விஷயம் என்று நினைத்திருந்தேன்.

இங்கு நாம் செய்வது என்ன? முதலிரண்டு கண்ணிகளைப் பாடவிட்டு, சமையலை வெட்டிவிடுகிறோம். நேரம் போதாதாம். ஆனால் பேச்சுக்கு இருபது நிமிடம் இருந்தது. ரொறன்ரோவில் ஜூன் முடிவிலேயே பள்ளிக்கூடம் பூட்டிவிடுகிறது. ஜூலை நடுவில் வரும் ஆடிப்பிறப்புக்குப் பிள்ளைகளுக்கென்று தனி விடுமுறை கிடையாது. ஆகவே முதலடியின் குதூகலம் அவர்களுக்கு விளங்காது. விளங்கக்கூடியது மாவும் பனங்கட்டியும்தான். அதைத்தான் வெட்டுகிறோம்.

மேடையில் பேசியவரின் மனம் எனக்கு விளங்காமலில்லை. 1995 ஜூலை 9இல் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் மீது விமானப்படை குண்டு போட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். புலவரின் ஊர். ஆடிப்பிறப்புக்கு ஒரு வாரமளவே இருந்தது. அதன்பின் அந்தப் பாட்டைக் கேட்கும்போது எனக்கும் தொண்டை அடைக்கிறது. ஆனால் அது என் தொண்டை. நவாலியில் நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். நவாலி என்று பெயர் சொல்லி, திகதி சொல்லி, தனியாகச் சொல்லவேண்டும். கொழுக்கட்டைக்குள் வைத்துக் கொடுக்கக் கூடாது.

மறுநாள் தொழிற்சாலையில் எனக்குப் பின்னேர ஷிப்ட். காலையில் மனைவி கூழ் காய்ச்ச, மகள் மாவுருண்டை பிடித்தாள். பலாவிலைக்கு எங்கே போவது? தடித்த கடதாசியைக் கோலிப் பார்த்தாள். ஒழுகியது. இன்னொன்றை இரண்டாக மடித்துக் கோலினாள்.