பிரிட்ஜ் ஏலத்தில் மூன்று சீட்டு ஆதரவு: தொடங்கியவரின் மறு ஏலம் பற்றிய ஒரு விமர்சனம்

பிரிட்ஜ் நால்வர் இரண்டு கூட்டணிகளாக அமர்ந்து ஆடும் சீட்டாட்டம். இன்று ஆடப்படும் காண்ட்ராக்ட் பிரிட்ஜின் மதிப்பெண் முறையை 1925-ல் அமெரிக்கரான ஹரோல்ட் வாண்டர்பில்ட் வகுத்தார். ஆட்டத்தின் முதல் பாதி ஏலம். ஏலத்தை முதலில் திறப்பவர் தொடங்குபவர் எனப்படுகிறார். கூட்டாளி பதில் சொன்ன பிறகு அவர் இரண்டாவது முறை சொல்லும் அழைப்பு மறு ஏலம். 2018 ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் இணை தங்கம் வென்றபின் இந்தியாவில் இந்த ஆட்டத்தின் மீது கவனம் கூடியது. இணையம் வழியே சிற்றூர்களில் இருப்பவர்களும் இதைக் கற்கத் தொடங்கியுள்ளனர்.

கற்பவர் விரைவிலேயே சந்திக்கும் சிக்கல் ஒன்று உண்டு. கூட்டாளி இஸ்பேட் அல்லது ஆட்டின் சொல்கிறார். தொடங்கியவரிடம் அந்த இனத்தில் மூன்று சீட்டுகள் மட்டுமே இருக்கின்றன. அவர் கூட்டாளியின் இனத்தை உயர்த்த வேண்டுமா, 1 நோ டிரம்ப் சொல்ல வேண்டுமா? பெரும்பாலான பாடநூல்கள் 'நான்கு இருந்தால் உயர்த்து, மூன்றானால் நோ டிரம்ப் சொல்' என்று விடை தருகின்றன. இந்த விதி எங்கே பொருந்துகிறது, எங்கே கற்பவரைத் தவறாக வழிநடத்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்கள்

இக்கட்டுரையில் தமிழ்நாட்டுச் சீட்டாட்ட வழக்குச் சொற்களே பயன்படுத்தப்படுகின்றன. இனங்கள் நான்கு: இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர். ஒரு சுற்றில் கிடைக்கும் வெற்றி பிடி. கையில் இல்லாத இனத்தைத் துருப்பால் வெல்வது வெட்டு. கையின் வலிமையை அளக்க ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 எனப் புள்ளி கணக்கிடப்படுகிறது.

நான்கு சீட்டு விதியின் அடிப்படை

விதியின் தர்க்கம் எளிமையானது. கூட்டாளி 1 இஸ்பேட் என்று பதில் சொன்னால் அவரிடம் குறைந்தது நான்கு இஸ்பேட் உண்டு. தொடங்கியவரிடமும் நான்கு இருந்தால் மொத்தம் எட்டு. எதிராளிகளிடம் மீதமுள்ள ஐந்தும் 68 விழுக்காடு வாய்ப்பில் 3-2 என்று பிரியும். தொடங்கியவரிடம் மூன்றே இருந்தால் கூட்டணிக்கு ஏழு துருப்புகளே கிடைக்கக்கூடும். எதிராளிகளின் ஆறு சீட்டுகள் 3-3 என்று சமமாகப் பிரியும் வாய்ப்பு 36 விழுக்காடுதான். 4-2 என்று பிரியும் வாய்ப்பு 48 விழுக்காடு. அப்போது ஒரு எதிராளியிடம் கூட்டாளிக்குச் சமமான துருப்பு நீளம் இருக்கும்.

1966-ல் பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ரெனே வெர்ன் 'மொத்தப் பிடிகளின் விதி'யை முன்வைத்தார். 1992-ல் லாரி கோஹன் எழுதிய நூல் அதைப் பரவலாக்கியது. ஒரு கூட்டணி தன்னிடம் உள்ள துருப்புகளின் எண்ணிக்கை அளவுக்கே பிடிகளை ஏற்கலாம் என்ற எளிய வாய்பாடாக அது ஆட்டக்காரர்களைச் சென்றடைந்தது. 2 இஸ்பேட் ஒப்பந்தத்துக்கு 8 பிடிகள் தேவை. ஏழு துருப்புகளோடு அதை ஏற்பது ஒன்று அதிகம் என்று ஆயிற்று. நான்கு சீட்டு விதிக்கு இதனால் மேலும் வலு சேர்ந்தது.

மோய்ஸின் எதிர்வாதம்

எதிர்த்தரப்பில் அதிகம் நினைவுகூரப்படுபவர் அல்போன்ஸ் மோய்ஸ். எலி கல்பர்ட்சன் 1929-ல் தொடங்கிய 'தி பிரிட்ஜ் வேர்ல்ட்' இதழின் ஆசிரியராக இருந்தவர். பெரிய இனங்களை நான்கு சீட்டிலேயே தொடங்கலாம், கூட்டாளி மூன்று சீட்டிலும் உயர்த்தலாம் என்று வாதிட்டார். நான்கும் மூன்றும் சேர்ந்த ஏழு துருப்பு ஒப்பந்தம் இன்றும் அவர் பெயராலேயே 'மோய்சியன்' என்று வழங்குகிறது.

மோய்ஸ் தரப்பின் வலு துருப்புகளின் எண்ணிக்கையில் இல்லை, அவை வேலை செய்யும் இடத்தில் இருக்கிறது. மூன்று துருப்பு உள்ள கையில் வெட்டினால் கூடுதல் பிடி கிடைக்கும். நான்கு துருப்பு உள்ள கையில் எதிராளிகள் வெட்டவைத்தால் அந்தக் கை சுருங்கும், ஆட்டத்தின் கட்டுப்பாடு கைவிட்டுப் போகும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது மூன்று சீட்டு ஆதரவு தரும் கையில் வெட்டுவதற்கு ஒரு குறுகிய இனம் இருக்கிறதா என்பதை. 2004-ல் மைக் லாரன்ஸும் ஆண்டர்ஸ் விர்கிரனும் எழுதிய நூல், மொத்தத் துருப்பைவிடக் குறுகிய இனங்களின் அமைப்பே பிடிகளை அதிகம் தீர்மானிக்கிறது என்று வாதிட்டது. அந்த வாதம் மோய்ஸின் அனுபவக் கருத்துக்கு ஓரளவு துணை நிற்கிறது.

மூன்று கைகள்

விதியைச் சோதிக்க மூன்று கைகளைப் பார்க்கலாம். மூன்றிலும் புள்ளி 13. மூன்றிலும் கூட்டாளியின் பதில் 1 இஸ்பேட். எதிராளிகள் எதுவும் சொல்லவில்லை.

முதல் கை: இஸ்பேட் ராஜா, ராணி, 5, ஆட்டின் 6, டைமன் ஏஸ், 9, 7, 4, கிளாவர் ஏஸ், 8, 6, 3, 2. தொடக்கம் 1 கிளாவர்.

இரண்டாம் கை: இஸ்பேட் 7, 6, 4, ஆட்டின் ஏஸ், ஜாக்கி, 5, டைமன் ராஜா, ராணி, 8, கிளாவர் ராஜா, 9, 7, 2. தொடக்கம் 1 கிளாவர்.

மூன்றாம் கை: இஸ்பேட் ஏஸ், ஜாக்கி, 4, ஆட்டின் 8, 3, டைமன் ராஜா, 10, 7, 2, கிளாவர் ஏஸ், ஜாக்கி, 8, 5. தொடக்கம் 1 டைமன்.

நான்கு சீட்டு விதி இம்மூன்றையும் ஒரே தட்டில் வைக்கிறது. முதல் கையில் அது நல்ல வழி எதையும் காட்டுவதில்லை. ஒற்றை ஆட்டினோடு 1 நோ டிரம்ப் சொல்வது எதிராளிகளின் நீண்ட இனத்துக்குக் கதவைத் திறந்துவிடுவது போன்றது. 2 கிளாவர் சொல்ல அந்த ஐந்து சீட்டுகளில் வலு இல்லை. 2 டைமன் என்பது இதைவிடப் பெரிய கையை அறிவிக்கும் அழைப்பு. மிஞ்சுவது 2 இஸ்பேட்.

கூட்டாளியின் கையில் இஸ்பேட் ஏஸ், ஜாக்கி, 8, 3; ஆட்டின் 9, 7, 4, 2; டைமன் ராஜா, 6; கிளாவர் 7, 5, 4 இருப்பதாகக் கொள்வோம். அவரிடம் ஐந்தாவது இஸ்பேட் இல்லை. நோ டிரம்பில் இஸ்பேட் நான்கு, டைமன் இரண்டு, கிளாவர் ஒன்று என ஏழு பிடிகள். அதன் மதிப்பு 90. இஸ்பேட் துருப்பானால் ஓர் ஆட்டினை விட்டுக்கொடுத்துவிட்டு அடுத்த இரண்டு ஆட்டின்களைக் குறுகிய கையில் வெட்டலாம். வெட்டு இரண்டு, துருப்பின் உயர் சீட்டுகள் மூன்று, டைமன் இரண்டு, கிளாவர் ஒன்று என எட்டு பிடிகள். அதன் மதிப்பு 110. எதிராளிகள் துருப்பையே திரும்பத் திரும்ப இறக்கினால் ஒரு வெட்டு குறையும். அப்போதும் டைமனை மூன்றாம் முறை ஆடி நீண்ட கையில் வெட்டும் வழி உண்டு. எட்டு துருப்பு இல்லாமலேயே இஸ்பேட் ஒப்பந்தம் இங்கே மேலானது.

இரண்டாம் கையில் நிலைமை நேர்மாறு. எந்த இனமும் குறுகியதல்ல. மூன்று துருப்புகளும் சிறியவை, வெட்டுவதற்கு வேலையே இல்லை. மற்ற மூன்று இனங்களிலும் தடுப்புச் சீட்டுகள் இருக்கின்றன. இங்கே 1 நோ டிரம்ப் மட்டுமே சரியான விவரிப்பு. மூன்று சீட்டில் உயர்த்துவதை ஒரு துணிச்சலாகப் போற்றுபவர்கள் தடுமாறும் இடம் இது.

மூன்றாம் கையில்தான் உண்மையான கருத்து வேறுபாடு. ஆட்டினில் தடுப்பு இல்லை, ஆனால் ஒற்றைச் சீட்டும் இல்லை. துருப்பில் ஏஸும் ஜாக்கியும் உண்டு. எந்த ஆட்டம் நடக்கிறது என்பதும் இங்கே கணக்கில் வரும். இணைகளுக்கிடையிலான போட்டியில் 20 புள்ளி வேறுபாடும் வெற்றி தோல்வியை முடிவுசெய்யும். நோ டிரம்பில் ஏழு பிடி 90, எட்டு பிடி 120. இஸ்பேட்டில் எட்டு பிடி 110, ஒன்பது பிடி 140. எனவே இஸ்பேட் ஒப்பந்தம் நோ டிரம்பைவிட ஒரு பிடியேனும் கூடுதலாகத் தர வேண்டும். மூன்றாம் கையில் அந்த ஒரு பிடி வருமா என்பதை நல்ல ஆட்டக்காரர்களும் இரு விதமாக மதிப்பிடுவர். துருப்பு வலுவாகவும் ஆட்டின் வலுவிழந்தும் இருப்பதால் உயர்த்தும் தரப்புக்குச் சற்றே கூடுதல் நியாயம் உண்டு. ஆட்டினின் 8, 3 என்ற இரண்டும் ராணி, 3 என்று இருந்தால் தராசு மறுபக்கம் சாயும்.

ஐந்தாவது சீட்டு

இருதரப்பு விவாதத்திலும் அடிக்கடி விடுபடுவது கூட்டாளியிடம் ஐந்தாவது சீட்டு இருக்கும் வாய்ப்பு. தொடங்கியவரிடம் மூன்று இஸ்பேட் இருந்தால் மீதி பத்து சீட்டுகள் மற்ற மூவரிடம் உள்ளன. கூட்டாளியிடம் குறைந்தது நான்கு உண்டு என்று தெரிந்தபின் அவரிடம் சரியாக நான்கு மட்டுமே இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 59 விழுக்காடு, ஐந்தோ அதற்கு மேலோ இருக்கும் வாய்ப்பு 41 விழுக்காடு. மற்ற ஏலங்களிலிருந்து கிடைக்கும் தகவலைச் சேர்க்காத எளிய கணக்கு இது. மூன்று சீட்டில் உயர்த்துபவர் ஐந்தில் இரண்டு முறை எட்டு துருப்பிலேயே சென்று நிற்கிறார்.

உயர்த்தாதவர் இந்த எட்டு துருப்பை எப்போதும் இழந்துவிடுவதில்லை. கூட்டாளியின் கை ஓரளவு வலுவாக இருந்தால் 1 நோ டிரம்புக்குப் பின் மூன்று சீட்டு ஆதரவைக் கேட்டறியும் முறைகள் உள்ளன. 'நியூ மைனர் ஃபோர்சிங்' அவற்றில் ஒன்று. வலுவற்ற கையோடு கூட்டாளியால் அப்படிக் கேட்க முடியாது. அவர் தானாக 2 இஸ்பேட் சொல்லலாம் அல்லது விட்டுவிடலாம்.

உயர்த்துபவருக்கும் தன் பங்குக் கடமை உண்டு. 2 இஸ்பேட்டுக்குப் பின் ஆட்டத்தை மேலே கொண்டுசெல்ல விரும்பும் கூட்டாளிக்கு ஆதரவு மூன்றா நான்கா என்று தெரிய வேண்டும். அவர் 2 நோ டிரம்ப் சொல்லிக் கேட்க, தொடங்கியவர் சீட்டின் எண்ணிக்கையையும் கையின் வலுவையும் சேர்த்துச் சொல்லும் 'ஸ்பைரல்' முறை இதற்காகவே உருவானது. எதிராளி இடையில் புகும்போது சரியாக மூன்று சீட்டு உண்டு என்பதை டபுள் மூலம் சொல்லும் முறையை எரிக் ராட்வெல் உருவாக்கினார். மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வேறுபாட்டை ஏலத்திலேயே பிரித்துச் சொல்ல முடியும் என்பதற்கு இவ்விரு முறைகளும் சான்று. இத்தகைய ஏற்பாடு இல்லாமல் மூன்றில் உயர்த்துபவர் கூட்டாளியின் தலையில் ஒரு புதிரைக் கட்டிவிடுகிறார்.

304 ஆட்டத்தின் பழக்கம்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஆடப்படும் 304 வழியாகப் பிரிட்ஜுக்கு வருபவர்களுக்கு இந்தச் சிக்கல் வேறொரு வடிவில் எழுகிறது. அதில் ஜாக்கி 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. ஓர் இனத்துக்கு 76 வீதம் மொத்தம் 304. முதல் நான்கு சீட்டுகளைப் பார்த்தே கேள்வி கேட்க வேண்டும். துருப்பு கவிழ்த்து வைக்கப்படும். கூட்டாளிக்குக் கேட்பது ஓர் எண் மட்டுமே, இனம் தெரியாது. கூட்டாளியின் கையை ஊகித்து ஏற்கும் துணிவு அங்கே இயல்பான திறன்.

பிரிட்ஜ் ஏலத்தில் ஒவ்வோர் அழைப்பும் கூட்டாளிக்கான செய்தி. 304-ன் துணிவை அப்படியே கொண்டுவருபவர் இரண்டாம் கையிலும் உயர்த்திவிடுவார். அதைத் திருத்த முனையும் ஆசிரியர் நான்கு சீட்டு விதியைக் கடுமையாகப் புகட்டினால் அவர் முதல் கையிலும் உயர்த்தத் தயங்குவார்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வாசகருக்கு இதை விளக்க மானாவாரிச் சாகுபடியே போதும். கரிசலில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே புழுதியில் விதைப்பது உண்டு. மழை வரும் என்ற ஊகத்தில் எடுக்கும் முடிவு அது. ஆயினும் அது கண்மூடித்தனமானதல்ல, கரிசல் ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்ற அறிவு அதற்குப் பின்னால் இருக்கிறது. ஈரம் நிற்காத நிலத்தில் அதே முறையைச் செய்தால் முளை காய்ந்துவிடும். ஐந்தாவது சீட்டை நம்பி மூன்றில் உயர்த்துவதும் இதைப் போன்றதே. அந்தச் சீட்டு வராமல் போனாலும் ஒற்றைச் சீட்டுள்ள கை தாங்கிக்கொள்ளும். தட்டையான கை தாங்காது.

மதிப்பீடு

நான்கு சீட்டு விதி கற்பிப்பதற்கு வசதியானது. தொடக்க நிலையில் கூட்டாளிகளுக்கிடையே நம்பிக்கையை அது வளர்க்கிறது. அதன் குறை, துருப்பின் எண்ணிக்கையைக் கையின் முழு விவரமாக எடுத்துக்கொள்வது. ஒரே புள்ளியும் ஒரே துருப்பு நீளமும் உள்ள மூன்று கைகள் மூன்று வெவ்வேறு முடிவுகளைக் கேட்பதை அது காண்பதில்லை. மோய்ஸ் தரப்பின் குறை, அதன் பெயரால் ஆடுபவர்கள் அமைப்பைப் பாராமல் துணிவை மட்டும் எடுத்துக்கொள்வது.

கற்பவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று. மூன்று துருப்புள்ள என் கையில் வெட்டுவதற்கு ஓர் இனம் உண்டா? சொல்லப்படாத இனங்களில் நோ டிரம்பைத் தாங்கும் சீட்டு உண்டா? நான் மூன்றில் உயர்த்தியிருக்கக்கூடும் என்பது கூட்டாளிக்குத் தெரியுமா? முதல் கேள்விக்கு 'ஆம்', இரண்டாவதற்கு 'இல்லை', மூன்றாவதற்கு 'ஆம்' என்றால் உயர்த்துவதே சரி. மூன்றாவதற்கு 'இல்லை' என்றால் விதியை மீறுவதற்கு முன் கூட்டாளியோடு அமர்ந்து பேசிக்கொள்வது நல்லது. அந்தப் பேச்சு ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே நடக்க வேண்டும். சீட்டு பங்கிட்டபின் அதற்கு அனுமதி இல்லை.