பட்டமும் நூலும்

ஆய்வு செய்யும் பிள்ளையிடம் நம் குடும்பங்களில் கேட்கப்படும் கேள்விகள் இரண்டே. எப்போது முடியும்? எப்போது வேலை கிடைக்கும்? ‘என்ன கண்டாய்?’ என்று கேட்பார் அரியர்.

பல்கலைக்கழகங்களும் எண்ணிக்கையையே கேட்டுவந்தன. ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் ஆய்விதழில் ஒரு கட்டுரையேனும் வெளிவந்திருக்க வேண்டும், இரு கருத்தரங்குகளில் கட்டுரை படித்திருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மானியக் குழு விதிகள் வகுத்தன. நோக்கம் நன்று, விளைவோ, பணம் பெற்று எதனையும் அச்சிடும் இதழ்கள் மலிந்தன. 2022ஆம் ஆண்டின் விதிகள் அக்கட்டாயத்தைக் கைவிட்டன. உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதித் தேர்வே போதும், டாக்டர் பட்டம் கட்டாயமன்று என 2023இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே, வேலைக்காக மட்டும் ஆய்வு என்னும் கணக்கு இனிச் செல்லாது. ஆய்வேடு தன் தகுதியாலேயே நிற்க வேண்டும்.

அந்தத் தகுதி இருக்கிறதா? இஸ்லாமியத் தமிழிலக்கியம் பற்றி நாம் பயின்ற ஆய்வேடுகள் சில நம்மை வருத்தின. சீறாப்புராணத்தின் மூன்று காண்டங்களையும் சுருக்கிச் சொல்வதிலேயே பாதி ஏடு கழிகிறது. எஞ்சிய பாதியில் உவமைகளின் பட்டியல். உமறுப் புலவர் அரபு நாட்டு வரலாற்றுக்குத் தமிழ்நிலத்தின் வயலையும் வாவியையும் ஏன் தந்தார் என்ற வினா எழுவதே இல்லை. பட்டம் கிடைக்கிறது, ஏடு உறங்குகிறது.

மாறான சான்றும் நம்மிடையே உண்டு. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் ம. மு. உவைஸ் முதுகலைப் பட்டத்துக்கு எழுதிய ஆய்வு, தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டினைப் பற்றியது. 1953இல் அதனை ஆங்கில நூலாக வெளியிட்டது பெரும் பதிப்பகமன்று. கண்டிக்கு அருகே கல்ஹின்னை என்னும் சிற்றூரின் தமிழ் மன்றம். இத்துறைக்கு அடித்தளமிட்ட நூல்களுள் அது ஒன்றாயிற்று. பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியராக அமர்ந்ததும், அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதியதும் அந்தத் தொடக்கத்தின் விளைச்சலே.

மாணவர் புதிய வினாவோடு தொடங்கட்டும். நெறியாளர் பக்கங்களை எண்ணாமல் வாதத்தை எடைபோடட்டும். பெற்றோர், மகனாயினும் மகளாயினும், ஒரு மாலை அமர்ந்து அந்த ஏட்டின் முடிவுரையை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். விளங்கவில்லையெனில், குறை பெரும்பாலும் கேட்பவரிடம் இராது.

விழாவுக்கு விழா மலர் அச்சிடும் நம் ஊர்கள், தம் பிள்ளை எழுதிய நல்ல ஆய்வேடு ஒன்றை நூலாக்கத் தயங்குவானேன்? கல்ஹின்னையால் முடிந்தது நம்மாலும் முடியும்.