விளக்கமும் வரைவிலக்கணமும்: ஈமாக்ஸ் குறித்து ஒரு நோக்கு

கணனிச் செய்நிரலைத் திறனாய்வுக்குரிய பிரதியாகக் கொள்வதைச் சிலர் விநோதமாகக் கருதக்கூடும். ஆயினும் எழுதப்படுவது எதுவாயினும், அதனை வாசிக்கும் உரிமை யாருக்குண்டு என்ற வினா எழவே செய்யும்.

செய்நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் ஈமாக்ஸ் என்னும் பதிப்பி, 1976 இல் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்திலே தோன்றியது. ரிச்சர்ட் ஸ்ரோல்மன் 1985 இல் வெளியிட்ட குனூ ஈமாக்ஸின் பெரும்பகுதி லிஸ்ப் மொழியில் அமைந்தது. அதில் கொன்ட்ரோல் விசையுடன் எச், பின்னர் எஃப் அழுத்தி ஒரு சார்பின் பெயரைக் கொடுத்தால், அதன் விளக்கக் குறிப்புத் திரையில் தோன்றும். இது தனிக் கையேட்டிலிருந்து எடுக்கப்படுவதன்று. சார்பின் வரைவிலக்கணத்தினுள்ளேயே அதை இயற்றியவர் எழுதிவைத்தது. குறிப்பிலுள்ள கோப்பின் பெயரைத் தெரிவுசெய்தால் வரைவிலக்கணமே கண்முன் விரியும்.

‘கில்-லைன்’ என்ற சார்பை நோக்குவோம். வரியின் எஞ்சிய பகுதியை அது அகற்றும் என்பது விளக்கம். வரைவிலக்கணத்தைத் திறந்தாலோ, எதுவரை அகற்றுவது என்பதை மட்டும் அது தீர்மானித்து, வேலையை ‘கில்-ரீஜன்’ என்ற வேறொரு சார்பிடம் ஒப்படைப்பதைக் காண்கிறோம். விளக்கம், செய்நிரல் தன்னைப்பற்றிக் கூறிக்கொள்வது. வரைவிலக்கணம் அதன் நடைமுறை. இரண்டும் முரண்படவுங்கூடும். வரைவிலக்கணம் மாறிய பின்னரும் பழைய விளக்கம் அப்படியே கிடப்பது நிரலாளர் அறிந்த சங்கதியே. மனிதர் தம்மைப்பற்றிக் கொள்ளும் எண்ணத்தைக் கொண்டு அவர்களை மதிப்பிடலாகாது என்று 1859 இல் மார்க்ஸ் வற்புறுத்தியதை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். ஈமாக்ஸின் சிறப்பு, கூற்றிலிருந்து நடைமுறைக்குச் செல்லும் வழியை அது அடைக்காமையே. அதற்கும் மேலாக, வாசகர் வரைவிலக்கணத்தைத் திருத்தி மதிப்பிடச் செய்தால், இயங்கிக்கொண்டிருக்கும் பதிப்பியே அக்கணத்தில் மாறிவிடுகிறது. கருவியைப் பயன்படுத்துவோன் அதனை ஆக்குவோனுமாகிறான்.

இவ்வழி தானாகத் திறந்திருக்கவில்லை. 1980 இல் தோன்றிய சிம்பொலிக்ஸ் நிறுவனம் லிஸ்ப் இயந்திரங்களைச் சந்தைப்படுத்த முனைந்தபோது, ஆய்வுகூடத்தின் நிரலாளர் பலர் அங்கு சென்றனர். கூட்டுழைப்பில் வளர்ந்த அறிவு தனியுடைமையாயிற்று. 1983 இல் குனூ திட்டத்தை அறிவித்த ஸ்ரோல்மன் இதனைப் பெரிதும் அறப்பிரச்சினையாகவே எதிர்கொண்டார். அவரது உறுதியை மதிக்கும் அதேவேளை, உற்பத்தி உறவுகள் பற்றிய கேள்வியை அவர் முழுமையாக எழுப்பவில்லை என்றே கூறத் தோன்றுகிறது.

ஈமாக்ஸைப் பொதுவுடைமைத் தீவாகக் காண்போருடனும் நான் உடன்படேன். அனுமதி வேறு, ஆற்றல் வேறு. விளக்கக் குறிப்புகள் யாவும் ஆங்கிலத்தில் உள்ளன. லிஸ்ப் கற்பதற்கு ஓய்வுநேரம் வேண்டும். பதிப்பிக்குள்ளேயே ஓர் எல்லையும் உண்டு. சொல்லுக்குச் சொல் தாவ உதவும் ‘ஃபோர்வேட்-வேர்ட்’ சார்பு சி மொழியில் எழுதப்பட்டது. சி மூலக் கோப்புகளைத் தனியே பெற்று, அவற்றின் இருப்பிடத்தை அறிவித்தாலன்றி அவ்வரைவிலக்கணம் திறவாது; அதைத் திருத்துவதற்குப் பதிப்பி முழுவதையுமே மீளத் தொகுக்க வேண்டும். அதுவரை வாசகர் கையில் எஞ்சுவது விளக்கக் குறிப்பு மட்டுமே.