88-உம் 37-உம்: லட்சுமி விஜயகுமாரின் ஆய்வுகளைப் படித்தபோது

திருவக்கரை, திண்டிவனம் பக்கம் "மருந்து குடிச்சிட்டான்" என்று யாராவது சொன்னால், என்ன மருந்து என்று எவரும் கேட்பதில்லை. நெல்லுக்கும் மல்லாட்டைக்கும் வாங்கினது மிச்சம் வீட்டு மூலையிலேயே கிடக்கும். காரியம் முடிஞ்சு கொஞ்ச நாள் போனால் அடுத்த பேச்சு வரும்: "அந்தக் குடும்பத்துக்கே அது ரத்தத்துல இருக்கு." இந்தப் பேச்சால் நின்றுபோகும் சம்பந்தங்களும் உண்டு. ஆராய்ச்சி என்னதான் சொல்லுது என்று பார்க்கத்தான் சென்னை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் கட்டுரைகள் சிலவற்றை வருஷ வரிசையில் படித்தேன். 1986-ல் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர் அவர்.

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 1999-ல் ராஜ்குமாருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை. சென்னையில் தற்கொலையில் இறந்த 100 பேரையும், ஒப்பிட 100 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். இறந்தவரின் குடும்பத்தாரிடம் பேசி, அவர் எப்படி இருந்தார் என்று பின்னோக்கிக் கணிக்கும் முறை. இறந்தவர்களில் 88 பேருக்கு ஏதோ ஒரு மனநோய் இருந்தது, குடும்பத்தில் மனநோய் இருப்பதும் ஆபத்தைக் கூட்டுகிறது என்பது முடிவு.

இதோடு சேர்த்துப் படிக்கவேண்டியது 2010-ல் வேலூர் சிஎம்சியின் மனோரஞ்சிதம் குழு வெளியிட்ட கட்டுரை. அதே 100-க்கு 100. ஆனால் கிராமம். அங்கே கிடைத்த எண் 37. அதிலும் குடிநோய் 16, வாழ்க்கை நெருக்கடியைத் தாங்கமுடியாத நிலை 15. மனச்சிதைவும் பெருமனச்சோர்வும் தலா 2 தான். தீராத உடல்வலி, விடாத நெருக்கடி, தனியாக வாழ்வது, உறவு முறிவு ஆகியவை ஆபத்தைக் கூட்டின.

88-ஆ, 37-ஆ என்பது வெறும் கணக்குச் சண்டை இல்லீங்க. 88 என்றால் முதலில் டாக்டரைத் தேடணும். 37 என்றால் கடன், குடி, வலி, வீட்டு மூலையில் இருக்கும் மருந்து, இதையெல்லாம் முதலில் பார்க்கணும். பட்டணத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு காரணமாக இருக்கலாம். போனவரைப் பற்றி மிஞ்சியவர் சொல்வதில் எதை நோய் என்று எழுதுவது என்ற கணிப்பும் சேர்ந்தே இருக்கும். ஆகவே 88-ஐ மட்டும் எடுத்து "இந்தியாவில்" என்று பொதுவாக எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒப்புதல் இல்லை.

அந்தக் குடும்ப வரலாற்றையும் மரபணு என்று படிக்கக்கூடாது. அந்த ஆய்வு கேட்டது குடும்பத்தின் கதையை. யாருடைய மரபணுவையும் சோதிக்கவில்லை. குடும்பம் கொடுப்பது ரத்தம் மட்டுமா? கடனும் குடியும் துக்கமும்கூட அதே வீட்டில்தான் கைமாறுது. தமிழ்நாட்டுக் குடும்பங்களை வைத்து 2009-ல் வந்த முக்கியமான மரபணு ஆய்வு மனச்சிதைவைப் பற்றியது, தற்கொலையைப் பற்றியது அல்ல. உலக அளவில் நடந்த பெரிய தற்கொலை மரபணு ஆய்வுகள் காட்டுவது ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு வைக்கும் பல மரபணுக்களை. அவற்றில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். இதை வைத்து எந்த வீட்டுப் பெண்ணுக்கும் ஜாதகம் எழுத முடியாது.

லட்சுமி விஜயகுமாரே 88-இல் நின்றுவிடவில்லை என்பதுதான் அவரது ஆய்வுப் பட்டியலின் பலம். தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1867 பேரை வைத்து உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வில் சென்னையும் ஒரு களம். 2008-ல் முடிவு வந்தது. ஒருமுறை உட்கார வைத்து விளக்கிப் பேசி, 18 மாதத்தில் ஒன்பது முறை தொடர்புகொண்டு விசாரித்தார்கள். அப்படி விசாரிக்கப்பட்டவர்களில் தற்கொலையில் இறந்தவர்கள் 0.2 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பதற்கு இவ்வளவு பலன்.

அடுத்தது 2013-ல் வந்த காட்டுமன்னார்கோயில் ஆய்வு. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுக் கிடங்கில் பூட்டி வைக்கும் ஏற்பாடு. நம்ம பக்கத்து மாவட்டம் என்பதால் ஆசையாகத்தான் படித்தேன். ஆனால் கிடங்கு வைத்தது இரண்டு ஊர், ஒப்பிட்டது இரண்டு ஊர். இத்தனை சின்னக் கணக்கில் ஓரிரு மரணம் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் புரண்டுவிடும். இலங்கையில் 180 கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2017-ல் வந்த முடிவு: பலன் தெரியவில்லை. வீட்டுப் பெட்டி வேறு, ஊர்க் கிடங்கு வேறு. ஆகவே இது அதை ரத்து செய்யாது. ஆனாலும் கிடங்கு பலன் தரும் என்று அடித்துச் சொல்ல இன்னும் பெரிய ஆய்வு வேண்டும். இலங்கையில் 1995-க்குப் பிறகு தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்த காலம், கொடிய விஷமுள்ள பூச்சிமருந்துகளை விற்பனையிலிருந்தே எடுத்த காலம். பூட்டைவிட அது உறுதியான வழி என்பது என் வாசிப்பு.

எனக்குள்ள கடைசிக் குறை இது: நான் படித்த எல்லாமே ஆங்கிலத்தில். பதில் சொன்ன குடும்பங்கள் பேசியது தமிழில். "ரத்தத்துல இருக்கு" என்ற பேச்சு மட்டும் தமிழிலேயே ஊர் சுத்துது. அதற்கான பதிலும் தமிழில் சுத்தணும்.

யாருக்காவது மனசு தாங்கமுடியாமல் இருந்தால் 104 அல்லது 14416-க்குக் கூப்பிடுங்க. பக்கத்தில் இருப்பவர்கள் ஒருமுறை கேட்டதோடு நிறுத்தாமல், அடுத்த வாரமும் போய் விசாரிங்க.