வீட்டுக்கு ரெயின்கோட்

மழையில் தொப்பலாக நனைந்து வந்த ஒருவரை வாசலிலேயே நிறுத்தி, தலையைக்கூடத் துவட்டவிடாமல், அந்த ஈரச் சட்டைக்கு மேலேயே ஒரு ரெயின்கோட்டை மாட்டிக் கழுத்துவரை பட்டனும் போட்டுவிட்டால் எப்படி இருக்கும்? நம் பழைய வீடுகளுக்கு இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். பில்லில் அதற்குப் பெயர் 'ஹீட் ப்ரூஃபிங்'.

திருவள்ளூரில் வீரராகவர் கோயிலைச் சுற்றியும், பொன்னேரியிலும், கும்மிடிப்பூண்டிப் பக்கமும் பழைய சுண்ணாம்புக் கட்டட வீடுகள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. ஒருமுறை அண்ணாந்து அந்தக் கூரையைப் பாருங்கள். தேக்கு உத்தரம். அதன் மேல் சட்டங்கள். சட்டங்களின் மேல் சின்னச் சின்ன மெல்லிய செங்கற்களை மூலைவாட்டில் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் வரிசை கட்டியிருப்பார்கள். அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கியது. கடைசியாகத் தட்டோடு. 'மெட்ராஸ் டெரஸ்' என்று ஊர் பெயரையே வாங்கிக்கொண்ட கூரை இது. பழவேற்காடு ஏரி பக்கத்தில் இருக்க, கிளிஞ்சல் சுண்ணாம்புக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சம் இருந்ததில்லை.

இந்தச் சுண்ணாம்பு ஈரத்தைத் தடுக்காது. வாங்கி வைத்துக்கொண்டு, வெயில் வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடும். நான் பி.காம். படித்தவன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்: அது ஒரு கரண்ட் அக்கவுன்ட். ஐப்பசி, கார்த்திகையில் வரவு. தை தொடங்கிச் செலவு. அதன் மேல் சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் பூசினால் அது ஃபிக்ஸட் டெபாசிட் ஆகிவிடுகிறது. போட்ட ஈரத்தை எடுக்க முடியாது. வட்டி மட்டும் உப்பாகப் பொரிந்து சுவரில் வந்து நிற்கும்.

பழசெல்லாம் பொன் என்று பாட்டுப் பாட நான் வரவில்லை. மெட்ராஸ் டெரஸ் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி நம் மேல் அதைத் துப்பும். நம் தாத்தாக்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கும் திண்ணைக்கும் போனது நட்சத்திரம் எண்ணுவதற்காக அல்ல. ஆக, வீட்டைக் குளிர்விக்க வேண்டும் என்ற ஆசையில் தப்பே இல்லை. தப்பு செய்முறையில்.

செய்முறை என்ன? மாடியில் ரப்பர் மாதிரி ஒரு வெள்ளை பெயின்ட். கூரைக்குக் கீழே தெர்மோகோல், அதை மறைக்க ஜிப்சம் பலகை. மேற்குச் சுவரின் உள்பக்கம் பளபளவென்று ஒரு அலுமினிய ஃபாயில். முற்றத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஷீட். ஜன்னலை மூடி ஒரு ஏ.சி. எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்.

திருவள்ளூரில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் அம்மா வீட்டில் இதைப் பார்த்தேன். ஆவணியில் வேலை முடிந்தது. கார்த்திகையில் அறைக்குள் ஊறப்போட்டு மறந்த துணி வாடை. ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்த மேஸ்திரி, சுவருக்குள் புதைந்திருந்த சட்டத்தின் முனையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, நகத்தால அழுத்துனாலே உள்ள போவுதும்மா" என்றார். மேலே தண்ணீர் போக வழியில்லை, கீழே காற்று வர வழியில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது தேக்கு. முன்பெல்லாம் கூரை ஒழுகினால் தலையில் சொட்டும், உடனே தெரியும். இப்போது தெர்மோகோல் அதைப் பத்திரமாக மறைத்துவைத்துவிடுகிறது.

கூரை ஒழுகாவிட்டாலும் தண்ணீர் வரும் என்பதுதான் விசேஷம். ஒரு கணக்கு போடுவோம். பத்துக்குப் பன்னிரண்டு அறை, உயரம் பத்தடி. மழைக்காலத்து ராத்திரி: வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவிகிதம். அந்த அறையின் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் மிதக்கிறது. அந்தக் காற்று சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் வியர்த்துவிடும். ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பது போலத்தான். உங்கள் ஏ.சி. 20-ல் ஓடுகிறது என்றால், அடுத்த அறைப் பக்கத்துச் சுவரும் பலகைக்குப் பின்னால் இருக்கிற இடுக்கும் அந்த டம்ளர்தான்.

இங்கேதான் கேட்லாக் நம்மைக் காலை வாரிவிடுகிறது. இந்த முறைகள் பலவும் பனி பெய்கிற நாடுகளுக்காகப் பிறந்தவை. அங்கே உள்ளே சூடு, வெளியே குளிர். சமையல், குளியல், மூச்சு என்று உள்ளே உண்டாகும் ஈரம் வெளியே போகப் பார்க்கும். அதனால் ஈரத்தடுப்புத் தாளைச் சுவரின் உள்பக்கம் ஒட்டுவார்கள். நம் கடற்கரை ஊரில் ஏ.சி. அறைக்கு எல்லாம் தலைகீழ். ஈரம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. அதே தாளை இங்கேயும் உள்பக்கம் ஒட்டினால், வந்த ஈரம் தாளுக்குப் பின்னால் சுவருக்குள்ளேயே தங்கிவிடும்.

சரி, அந்த நாடுகளிலாவது ஒழுங்காக நடந்ததா? பிரிட்டனில் பிரஸ்டன் நகரத்தின் ஃபிஷ்விக் பகுதியில் 2013-ல் முந்நூறுக்கும் மேற்பட்ட பழைய வீடுகளுக்கு வெளிப்புறமாக இன்சுலேஷன் போர்த்தினார்கள். அரசுத் திட்டம். மழைத் தண்ணீர் உள்ளே புகுந்து, ஓதமும் பூஞ்சையும் பிடித்து, அது ஒரு பெரிய அவமானக் கதையானது. பாடம் படித்தார்களா என்றால், 2025 அக்டோபரில் அந்த நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அண்மைத் திட்டங்களில் வெளிச்சுவர் இன்சுலேஷன் போட்ட வீடுகளில் 98 சதவிகிதத்தில் திருத்தியே ஆக வேண்டிய பெரிய குறைகள்! எண்ணிக்கையில் 22 ஆயிரத்திலிருந்து 23 ஆயிரம் வீடுகள். ஆடிட் ரிப்போர்ட்டைப் படித்து நான் தலையில் கைவைத்துக்கொண்டது அபூர்வம். இது அந்த வகை.

நம்மூர் சட்டப் புத்தகத்துக்கு வருவோம். மத்திய மின்துறை 2018 டிசம்பரில் 'எகோ நிவாஸ் சம்ஹிதா'வின் முதல் பாகத்தை வெளியிட்டது. வீடுகளுக்கான எரிசக்தி விதித்தொகுப்பு. நல்ல முயற்சி. கூரை எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்பதற்கு 'யு-வேல்யூ' என்று ஒரு அளவு. அது 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. வெறும் ஆறு அங்குல கான்கிரீட் தளத்துக்கு அது மூன்றுக்கு மேல் போகும். எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு விதி. நம்மைப் போன்ற புழுக்கப் பிரதேசத்தில் திறக்கக்கூடிய ஜன்னல், கதவுப் பரப்பு, தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். முற்றம் வைத்து வீடு கட்டியவர்கள் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஆனால், அந்தத் தொகுப்பின் கணக்கு முழுக்க வெப்பக் கணக்கு. ஈரத்துக்கு ஒரு வரம்பு எண் கிடையாது. தவிர, அது பேசுவது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும்பும் புதுக் கட்டடங்களைப் பற்றி. சந்நிதித் தெருவின் நீள வீட்டுக்கு அதில் இடமில்லை. கான்ட்ராக்டர் என்ன செய்கிறார்? அதிலிருந்து 'யு-வேல்யூ'வை மட்டும் பிய்த்து விளம்பரத்தில் போட்டுக்கொண்டு, ஜன்னலை விட்டுவிடுகிறார். வரவு காலத்தை மட்டும் காட்டுகிற பேலன்ஸ் ஷீட்டை எந்த வாத்தியார் பாஸ் பண்ணுவார்?

கும்மிடிப்பூண்டியில் இதற்கு இன்னொரு முகம். சிப்காட் தொழிலாளர்களுக்கு வாடகை அறை வேண்டும். பழைய வீட்டு மொட்டை மாடியில் தகர ஷீட் போட்டு அறைகளாகத் தடுத்துவிடுவது லாபமான தொழில். பகலில் அடுப்பு. மார்கழி விடியற்காலையில் ஷீட்டின் அடிப்பக்கம் வியர்த்து, தூங்குகிற பீகார் பையன்களின் முகத்தில் சொட்டும். அதற்காக ஷீட்டோடு ஒட்டித் தெர்மோகோல் அடித்தால், இடைவெளி வழியாகப் போகிற காற்று அங்கேயும் வியர்க்கும், பிறகு தெர்மோகோல் தொங்கும். அதற்கும் கீழே, குளிக்கும் தண்ணீரும் துவைக்கும் தண்ணீரும் பழைய சுருக்கியில் இறங்கிக்கொண்டிருக்கும். வாடகை வருகிறவரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

அப்படியென்றால் என்னதான் செய்வது என்பீர்கள். சுவரைச் சுற்றிப் போர்த்துவதற்கு முன் கூரையைப் பாருங்கள். நம் அட்சரேகையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அடி முழுக்க மொட்டை மாடிக்குத்தான். வெயிலை வெளியிலேயே நிறுத்துங்கள். உள்ளே வரவிட்டுத் தெர்மோகோலில் மடக்குவது கெட்டிக்காரத்தனம் அல்ல. வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது, ஒரு கீற்றுப் பந்தலை இடைவெளி விட்டு உயர்த்திப் போடுவது, இரண்டுமே கூரையை மூச்சுவிட அனுமதிக்கும். பெயின்ட்தான் வேண்டுமென்றால் நீராவியை வெளியே விடுகிற வகையா என்று கேளுங்கள். தெரியாது என்றால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

அதற்கும் முன்னால் மழைநீர்க் குழாய் அடைப்பு, தட்டோட்டு விரிசல், அதில் முளைத்த அரசங்கன்று. கீழ்ச்சுவரில் ஓதம் ஏறுகிறதென்று யாரோ பூசிய சிமென்ட்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசுங்கள். சிமென்ட் ஓதத்தை நிறுத்தவில்லை, இரண்டடி மேலே ஏற்றிவிட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஏ.சி. போட்டால் 26-ல் வையுங்கள். 2020 ஜனவரியிலிருந்து கம்பெனிகளே 24-ல் செட் பண்ணி அனுப்ப வேண்டும் என்பது விதி. அதை 18-க்கு இறக்குவது நம் கைங்கரியம்.

எல்லாம் முடிந்தபின் வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க இன்ஜினீயர் வேண்டாம். ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான பாலிதீன் தாள் ஒன்றை மாலை நாலு மணிக்கு மொட்டை மாடியில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டிவிடுங்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பிரியுங்கள். மேல்பக்கத்துப் பனி கணக்கில்லை. அடிப்பக்கம் துளி கோத்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ, கான்ட்ராக்டரை இன்னொரு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கேட்பார். அதையும் அப்போதே தருவதாகச் சொல்லுங்கள்.